ததேயுவின் பேரை எங்கே வாசிப்பது?

ஜெசிந்தா என் கையிலிருந்த பேனாவை வாங்கினாள். மேஜை மேல் கிடந்த தாளைத் தன் பக்கம் திருப்பினாள். கடைசி வரியில் இருந்த தன் புருஷன் பேரை ஒரு கோடு போட்டு அடித்தாள். அது போதாது என்று தோன்றியிருக்க வேண்டும். தாள் கிழிந்து மேஜை விரிப்பில் மை இறங்கும்வரை அடித்தாள்.

பிறகு பேனாவை மூடி, மரியாதையாக என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"இப்பம் வாசிங்க அண்ணாச்சி, பாப்போம்."

பங்குக் கோயில் அலுவலகத்தில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். சேவியர் மாஸ்டர் கையில் பாதி மக்ரூன் இருந்தது. அதை வாயில் போடுவதா, தட்டில் திருப்பி வைப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. ஃபாதர் மின்விசிறியைப் பார்த்தார். கோபம் வந்தால் அவர் மின்விசிறியைத்தான் பார்ப்பார். அவர் எங்கள் கோயிலுக்கு வந்த புதிதில் நாங்கள் அது பழுது என்று நினைத்து எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருக்கிறோம்.

"அது இந்த வருஷம் இறந்தவங்க வரிசை, ஜெசிந்தா," என்றார் ஃபாதர் மெதுவாக.

"அதனாலதான் சாமி அடிச்சேன்."

கல்லறைத் திருநாளுக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. அன்று மாலை கல்லறைத் தோட்டத்தில் நடக்கும் வழிபாட்டைத் திட்டமிடத்தான் கூடியிருந்தோம். எந்தப் பாட்டு, எந்த வாசகம், மைக் செட்டு யார், மழை வந்தால் என்ன. எல்லாம் முடிந்து கடைசியாகப் பேர்களுக்கு வந்தபோதுதான் இது நடந்தது.

நான் எப்படி அந்த மேஜைக்கு வந்தேன்

நான் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்ட கதையைப் போன வாரம் இந்தப் பத்தியில் படித்துவிட்டு, 'உமக்கு எதுதான் உருப்படியாகத் தெரியும்?' என்று ஆத்தூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. யோசித்துப் பார்த்ததில் ஒன்று தேறியது. பிறருக்காக ஜெபம் எழுதத் தெரியும்.

நான் நாசரேத் பக்கத்து ஆள். மிஷன் பள்ளிக்கூடத்து வம்சம். எங்கள் வீட்டில் ஆண்களும் வாத்தியார், பெண்களும் வாத்தியார். நாய் மட்டும்தான் வாத்தியார் இல்லை. அதுவும் மணி அடித்தால்தான் சாப்பிடும்.

எங்கள் புராட்டஸ்டன்ட் சபையில் ஜெபம் நீளமானது. கடவுளுக்கு அன்றைக்குச் செய்தித்தாள் வரவில்லை என்ற பாவனையில், நாட்டு நடப்பு, மழை நிலவரம், மூன்றாவது தெருவில் ஒருவருக்கு நடந்த மூட்டு ஆபரேஷன் என்று சகலத்தையும் அவருக்குத் தெரிவிப்போம். ஆபரேஷன் செய்த டாக்டர் எங்கே படித்தவர் என்பதும் வரும்.

பிறகு தூத்துக்குடி ரோஸியைக் கல்யாணம் செய்துகொண்டு கத்தோலிக்கக் கோயிலுக்கு வந்து சேர்ந்தேன். கட்சி மாறி வந்தவனைப் பார்ப்பதுபோல் எல்லோரும் என்னைச் சந்தோஷமாகவும் கொஞ்சம் சந்தேகமாகவும் பார்த்தார்கள்.

பத்திரிகையில் எழுதுகிறவன் என்று தெரிந்ததும் சேவியர் மாஸ்டர் பிடித்துக்கொண்டார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வழிபாட்டுக் குழுவுக்குத் தலைவர். "தம்பி, இனிமே மன்றாட்டு நீங்க எழுதி நீங்களே வாசிங்க" என்றார்.

பூசையில் பிரசங்கம் முடிந்ததும் ஒருவர் எழுந்து மக்களின் தேவைகளை ஒவ்வொன்றாக வாசிப்பார். ஒவ்வொன்றுக்கும் சனங்கள் 'கேட்டருளும்' என்று பதில் சொல்வார்கள். அதுதான் மன்றாட்டு. ஒன்றுக்கு இரண்டு வரி போதும்.

என் முதல் மன்றாட்டு ஒரு பக்கம் வந்தது. எங்கே முடியும் என்று தெரியாத சனங்கள், ஒவ்வொரு காற்புள்ளிக்கும் 'கேட்டருளும்' சொன்னார்கள். முன் பெஞ்சில் ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது மைக்கிலேயே விழுந்தது:

"ஏலே, அவரு முடிச்சிட்டாரா, இல்ல மூச்சு வாங்குதாரா?"

சிங்கிறால் ஞாயிறு

என்றாலும் நான் திருந்தவில்லை. எங்கள் குழுவை ஒரு பயிற்சி முகாமுக்கு அனுப்பினார்கள். 'அர்த்தமுள்ள வழிபாடு' என்பது தலைப்பு. ஏசி அறை, திரையில் படம், மதியம் பிரியாணி. வழிபாட்டில் மக்களின் வாழ்க்கை இருக்க வேண்டும் என்று சொன்னார்கள். எனக்கு அது நேரே தலைக்கு ஏறிவிட்டது.

அடுத்து வந்த மீனவர் ஞாயிறுக்குக் காணிக்கைப் பவனி நானே திட்டமிட்டேன். வலை, துடுப்பு, உப்பளத்திலிருந்து ஒரு கூடை உப்பு, துறைமுக ஊழியரின் ஹெல்மெட். முத்துக்குளித்த ஊராயிற்றே என்று ஒரு முத்தும் வைக்க ஆசைப்பட்டேன். முத்துநகர் முழுக்கத் தேடியதில் ஒரு முத்து அகப்படவில்லை. ரோஸியின் கவரிங் மாலையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் மணியைக் கழற்றி, வெல்வெட் துணியில் வைத்துக் கொடுத்தேன். ரோஸி இன்னும் அந்த மாலையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

கடைசியாக உயிருள்ள ஒரு சிங்கிறால், தட்டில். அதைக் கட்டியது நான். அதாவது சரியாகக் கட்டாதது நான்.

பூசையின் மிகப் புனிதமான நேரத்தில், கோயிலே முழந்தாளில் இருக்கும்போது, பீடத்து வெள்ளை விரிப்பு தானாக நகர ஆரம்பித்தது. ஃபாதர் கண்ணை மூடியிருந்தார். விரிப்புக்கு அடியிலிருந்து இரண்டு நீண்ட மீசைகள் வெளியே வந்து அவரை விசாரித்தன.

"சிங்கி விலை இப்பம் என்னளா?" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. அதற்குப் பதிலும் கேட்டது.

அன்று பாட்டுக்குழுவில் இருந்து ஒருத்தி நேரே நடந்து வந்து, சிங்கிறாலை முதுகில் பிடித்துத் தூக்கி, தன் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு, போன வழியே திரும்பிப் போய் அடுத்த பாட்டை எடுத்துக் கொடுத்தாள். அவள்தான் ஜெசிந்தா. பாட்டுக்குழுவை நடத்துகிறவள். வார நாட்களில் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை.

அர்த்தத்தைத் தட்டில் வைத்துத் தூக்கி வரலாம் என்று நான் நம்பிய காலம் அது.

ஒரே உலை

ஜெசிந்தாவின் புருஷன் ததேயு, சேக்காளிகளோடு பைபர் வள்ளத்தில் தொழிலுக்குப் போனவன். ஆடி மாதத்துக் கச்சான் காற்றில் வள்ளம் கவிழ்ந்தது. மற்றவர்கள் ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள். ஒரு விசைப்படகு வந்து அவர்களை ஏற்றியது. ததேயு ஒரு காலி கேனைப் பிடித்துக்கொண்டிருந்ததை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். பிறகு யாரும் பார்க்கவில்லை.

தேடினார்கள். பெரியதாழை வரைக்கும் கரை கரையாகச் சொல்லி அனுப்பினார்கள். உடல் கிடைக்கவில்லை.

உடல் இல்லாவிட்டால் அடக்கம் இல்லை. அடக்கம் இல்லாவிட்டால் எந்த நாளில் எதைச் செய்வது என்று ஊருக்குத் தெரியாது. புருஷன் செத்தால் பெண்ணின் பிறந்த வீட்டார் கோடிச் சேலை கொண்டுவந்து போடுவார்கள். அன்றைக்குத் தாலி இறங்கும். ஜெசிந்தாவுக்கு அந்த நாள் வராமலே இருந்தது. அவள் தாலியோடு ஆபீஸ் போனாள். தாலியோடு கோயிலில் பாடினாள். அதைப் பார்த்துச் சிலர் பாட்டைக் கவனிக்கவில்லை.

இந்த நிலையில்தான் ததேயுவின் தாய் மரியதங்கம், ஃபாதரைப் பார்த்து, கல்லறைத் திருநாளில் தன் மகன் பேரை வாசிக்கச் சொன்னாள்.

எங்கள் பங்கில் ஒரு வழக்கம் உண்டு. அன்றைக்கு, அந்த வருஷத்தில் இறந்தவர்கள் பேரை ஒவ்வொன்றாக வாசிப்போம். பேர் வந்ததும் அந்த வீட்டிலிருந்து ஒருவர் எரிகிற மெழுகுத்திரியோடு நடந்து வந்து பெரிய சிலுவை நிற்கிற குருசடியில் வைப்பார். அதற்கு மேல் அந்தச் சாவைப் பற்றி யாரும் சந்தேகம் கிளப்ப முடியாது. எங்கள் ஊருக்கு அதுதான் சர்டிபிகேட்.

சமாதானம் பேசலாம் என்று நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சமாதானம் பேசுவதில் எனக்கு உள்ள தகுதி, என் வீட்டில் அது எப்போதும் தேவைப்படுகிறது என்பதுதான்.

மரியதங்கம் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எய்யா, நான் பெத்தவ. எனக்கு அவன் வரணும்னு ஆச இல்லேன்னா நெனக்கிய? அவனுக்குக் குழி இல்ல, குருசு இல்ல. பேராவது வாசிக்க வேண்டாமா? நம்ம செபிக்கலேன்னா அங்கன அவனுக்கு யாரு இருக்கா?"

ஆபீஸிலிருந்து அப்போதுதான் வந்த ஜெசிந்தா வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"அவிய அங்கன இல்ல, மாமி."

"பின்ன எங்கனளா இருக்கான்? சொல்லு. நான் போயி கூட்டிட்டு வாரேன்."

ஜெசிந்தா ஹெல்மெட்டை ஆணியில் மாட்டினாள். உள்ளே போய் உலையை இறக்கினாள். மரியதங்கம் குழம்பைத் தாளித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து எனக்குச் சோறு போட்டார்கள். "மீன் இன்னொண்ணு வைங்க மாமி, வெறும் சோத்தைத் திங்காவ" என்றாள் ஒருத்தி. "நீ வை, ஒன் கை எட்டும்" என்றாள் இன்னொருத்தி. வீட்டில் உலை ஒன்றுதான். சண்டையை மட்டும் கோயிலுக்கு அனுப்பிவைத்திருந்தார்கள்.

வெளியே வந்து ஸ்கூட்டரை எடுக்கும்போது ஜெசிந்தா பின்னால் வந்தாள்.

"எங்க அண்ணன்மாரு ஆலந்தலையில கோடி வாங்கி வச்சிட்டாவ அண்ணாச்சி. நாளு தெரியாமத்தான் இருக்காவ. நீங்க பேரை வாசிச்சீயன்னா அடுத்த பஸ்ல வந்து எறங்கிருவாவ."

என் சமரசங்கள்

இதற்குப் பிறகுதான் பேனாவை வாங்கி அடித்த கூட்டம் நடந்தது. அந்தக் கூட்டத்தில் நான் மூளையைக் கசக்கிச் சில யோசனைகள் சொன்னேன். அவற்றை இங்கே எழுதுவதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

'கடலில் உயிர் நீத்த அனைவருக்காகவும்' என்று பொதுவாக வாசிக்கலாம் என்றேன். "அப்பம் அவியளும் அதுல உண்டும்னு சனம் சொல்லும்" என்றாள் ஜெசிந்தா.

பேரை மட்டும் வாசித்துவிட்டு, உயிரோடா இல்லையா என்று சொல்லாமல் விடலாம் என்றேன். "எதுக்கு, கடவுளையும் சேர்த்துக் குழப்பவா?" என்றார் ஃபாதர்.

யார் பேரையும் வாசிக்காமல் மௌனமாக இருக்கலாம் என்றேன். சேவியர் மாஸ்டர் மக்ரூனைத் தட்டில் வைத்தார். "தம்பி, நம்ம சனம் மௌனமா இருந்து நீங்க எப்பவாவது பாத்திருக்கீயளா?" என்றார்.

கடைசியில் ஃபாதர் ஜெசிந்தாவிடம் பேசினார். அவர் கெட்டவர் இல்லை. கரிசல் காட்டிலிருந்து வந்தவர். கடலைப் பற்றித் தெரியாது என்று அவரே சொல்வார். ஆனால் துக்க வீடுகளை நிறையப் பார்த்தவர்.

"எத்தனை நாளைக்கும்மா தொங்கிக்கிட்டே இருப்பே? அந்த அம்மா எங்கிட்ட வந்து அழுறாங்க. ஒரு முடிவு வேணாமா? பேர் வாசிச்சாதான் நீ அழ முடியும். அழுதாதான் எழுந்திருக்க முடியும்."

நன்றாகத்தான் இருந்தது. முகாமில் சொல்லிக் கொடுத்திருக்கலாம். ஜெசிந்தா தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"எங்க ஆபீஸ்ல சாமி, ஒரு கண்டெய்னர் வந்து சேரலைன்னா 'வழியில'ன்னுதான் போட்டு வச்சிருப்போம். எத்தனை மாசம் ஆனாலும். 'தொலைஞ்சுட்டு'ன்னு எழுதணும்னா ஒருத்தர் கையெழுத்துப் போடணும். கப்பல்காரன் போடணும். நீங்க எங்க வீட்டுக்காரரை எந்தக் கையெழுத்துல எழுதுதிய?"

ஃபாதர் மின்விசிறியைப் பார்த்தார்.

"இது என் பங்கு," என்றார். "பேர் வாசிக்கப்படும். திரும்ப டைப் அடிச்சிருங்க."

கடைசி வாக்கியம் எனக்கு.

"வாசிங்க," என்றாள் ஜெசிந்தா எழுந்து. "அன்னைக்கு நான் வருவேன். பாடவும் செய்வேன். ஆனா அந்தப் பேருக்கு எழும்ப மாட்டேன்."

வீட்டுக்கு வந்து டைப் அடித்தேன். பிரிண்டர் வழக்கம்போல் முதலில் மறுத்தது. அதற்குக் கூட ஒரு நிலைப்பாடு இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். ரோஸி பின்னால் நின்று படித்தாள்.

"என்ன வாசிக்கப் போறிய?"

"ஃபாதர் சொன்னதை."

"சொன்னதச் சொல்லுததுக்கு ஸ்பீக்கர் போதுமே. ஒங்களை எதுக்கு அங்கன நிக்க வைக்காவ?"

கல்யாணமான நாளிலிருந்து ரோஸி என்னிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ஏதோ ஒரு பதில் சொல்லியிருக்கிறேன். இந்தக் கேள்வியைத் தாளோடு சேர்த்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

காற்றில் மெழுகுத்திரி

எங்கள் கல்லறைத் தோட்டத்தில் சாயங்காலம் காற்று பலமாக இருக்கும். வெறும் மெழுகுத்திரி நிற்காது. தண்ணீர் பாட்டிலைப் பாதியாக வெட்டி, அதற்குள் ஏற்றிவைத்துக்கொண்டு வருவார்கள். அன்றைக்குத் தோட்டம் முழுக்க பாட்டில் பாட்டிலாக வெளிச்சம். சாமந்திப்பூ வாசனையும், சுண்ணாம்பு அடித்த கல்லறைகளின் ஈர வாசனையும், யாரோ கொண்டுவந்த நெத்திலிக் கருவாட்டு வாசனையும் சேர்ந்து அடித்தன. போகிற வழியில் வாங்கியிருப்பார்கள். எங்கள் ஆட்கள் எந்தத் துக்கத்திலும் மலிவு விலையை விட மாட்டார்கள்.

வாசலோரம் ஜெசிந்தாவின் அண்ணன்மார் இருவரும் நின்றார்கள். ஒருவர் கையில் துணிக்கடைப் பை. அதற்குள் என்ன என்று யாரும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

நான் பேர்களை வாசிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு பேருக்கும் ஒரு வெளிச்சம் எழுந்து நடந்து வந்தது. கீபோர்டு மெல்லிசாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஜெசிந்தா பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பாட்டெல்லாம் மனப்பாடம் என்பது எனக்குத் தெரியும்.

கடைசிப் பேருக்கு வந்தேன். மரியதங்கம் அதற்கு முன்னாலேயே எழுந்துவிட்டாள். கையில் பாட்டில், உள்ளே சுடர், முகத்தில் பாதி வெளிச்சம்.

தாளில் ததேயு என்று தெளிவாக இருந்தது. நான்தான் டைப் அடித்தவன். பிழையில்லை.

"இந்த ஆண்டு இறந்தோர் பெயர்கள் இத்துடன் முடிகின்றன," என்றேன்.

ஃபாதர் என் பக்கம் திரும்பினார். அவர் கை மைக்கை நோக்கி வந்தது. நாசரேத்துக்காரனின் நுரையீரலைப் பற்றி அவருக்குத் தெரியாது. நாங்கள் மூச்சு விடாமல் ஜெபிக்கப் பழகியவர்கள்.

"கடலுக்குப் போய் இன்னும் கரைக்கு வராத நம் ததேயுவுக்காக. அவரை எதிர்பார்த்திருக்கிறவர்களுக்காக. அவரை நினைத்து அழுகிறவர்களுக்காக. இவர்கள் எல்லோரும் ஒரே வீட்டில் இருப்பதால், அந்த வீட்டுக்காக மன்றாடுவோம்."

நான் எழுதியதிலேயே சின்ன மன்றாட்டு அதுதான். எழுதவும் இல்லை.

யாரும் வாய் திறக்கவில்லை. சனங்களுக்கு எந்தப் பதிலைச் சொல்வது என்று தெரியவில்லை. கல்லறையில் இறந்தவர் பேருக்கு 'இளைப்பாற்றி தாரும்' என்று ஒரு பதில், இருக்கிறவர்களுக்கு ஒரு பதில். இவ்வளவு நேரம் முதல் பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் என் முகத்தையும் ஃபாதர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நம் சனம் மௌனமாக இருந்ததை அன்றைக்கு நான் பார்த்தேன்.

ஜெசிந்தா புத்தகத்தை மூடி எழுந்து நின்றாள். கீபோர்டுக்குக் காத்திராமல், இருக்கிறவர்களுக்கான பதிலை எடுத்தாள். 'கேட்டருளும்.' குரல் முதலில் உடைந்தது. இரண்டாவது தடவை உடையவில்லை. மூன்றாவது தடவை தோட்டமே சொன்னது.

மரியதங்கம் நின்ற இடத்திலிருந்து பக்கத்துப் பெண்ணைக் கேட்டாள். அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் எல்லோருக்கும் கேட்டது.

"எம் மவன் பேரு வந்துட்டால்ல?"

"வந்துட்டு, அக்கா."

அவள் நடக்க ஆரம்பித்தாள். மெழுகுத்திரியைக் கொண்டுபோய், மற்ற வெளிச்சங்களோடு குருசடியில் வைத்தாள். சிலுவையைத் தொட்டு முத்தி செய்தாள். யாரிடமும் கேட்கவில்லை. யாரும் தடுக்கவில்லை. பாடிக்கொண்டிருந்த மருமகளும் பாட்டை நிறுத்தவில்லை.

திரும்பி வருகிற வழியில் பாட்டுக்குழு பக்கம் ஒரு நிமிஷம் நின்றாள்.

"நல்லாப் பாடுளா, சுருதி எறங்குது."

"செருப்பைப் போட்டுட்டு நடங்க மாமி, முள்ளு கெடக்கு."

அவ்வளவுதான். எனக்குத் தெரிந்து அவர்கள் இதைப் பற்றிப் பேசியது அந்த இரண்டு வாக்கியம்தான்.

வாசலில் அண்ணன்மார் குழம்பிப்போய் சேவியர் மாஸ்டரைப் பிடித்துக்கொண்டார்கள்.

"மாஸ்டர், பேரு வாசிச்சாவளா, இல்லையா?"

"வாசிச்சாவ."

"அப்பம்..."

"அந்தப் பக்கம் வாசிக்கல. இந்தப் பக்கம் வாசிச்சிருக்காவ." இதைச் சொல்லும்போது மாஸ்டர் பரீட்சை முடிவு அறிவிப்பவரைப்போல் நிமிர்ந்து நின்றார். அண்ணன்மார் துணிக்கடைப் பையைப் பார்த்தார்கள். பிறகு டீ குடிக்கப் போனார்கள். அங்கிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு.

மன்னிப்பு கேட்காதவன்

ஃபாதர் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"நான் சொன்னது உங்களுக்குப் புரிஞ்சுதா, இல்லையா?"

"புரிஞ்சுது ஃபாதர்."

"புரிஞ்சும் செஞ்சீங்க."

"ஆமா, ஃபாதர்."

"ஒரு வழிபாட்டை ஒழுங்கா நடத்த விடாமப் பண்ணிட்டீங்க. மன்னிப்பு கேக்கணும்னு தோணலையா?"

எனக்கு மன்னிப்பு கேட்பது கஷ்டமான காரியமே அல்ல. தினமும் வீட்டில் பழகுகிறேன். செய்யாத தப்புக்குக் கூட வரிசையில் நின்று கேட்டிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு வாயைத் திறந்தபோது வேறு வந்தது.

"ஒழுங்காத்தான் நடந்துச்சு ஃபாதர். ரெண்டு பேரும் வந்தாங்க. ரெண்டு பேரும் எழுந்து நின்னாங்க. உங்க தாள்படி நடந்திருந்தா ஒருத்தி உக்காந்திருப்பா."

இதை இப்போதும் சொல்கிறேன். முகாமில் சொல்லித் தராத பாடம் இது. பாட்டும் வாசகமும் பவனியும் யார் வேண்டுமானாலும் அடுக்கலாம். நான் சிங்கிறாலையே அடுக்கியவன். வந்தவர்களில் ஒருத்தியை உட்கார வைத்துவிட்டுத்தான் ஒரு வழிபாடு ஓட முடியும் என்றால், அந்த ஒழுங்கை நான் கெடுப்பேன். மறுபடியும் கெடுப்பேன். ஆத்தூர் வாசகர் இதையும் குறித்துக்கொள்ளட்டும்.

ஃபாதர் என்னை வாசிப்பிலிருந்து நிறுத்தினார். அது அவர் உரிமை. குழுவில் இருக்கலாம், எழுதலாம், மைக்குப் பக்கம் போகக் கூடாது. பல் இருக்கிற நாய்க்கு வாய்ப்பூட்டு போட்டதுபோல் கௌரவமாகத்தான் உணர்ந்தேன்.

அடுத்த ஞாயிறு மன்றாட்டை சேவியர் மாஸ்டர் வாசித்தார். திருத்தந்தைக்காக, ஆட்சியாளர்களுக்காக, நோயாளிகளுக்காக, இறந்தோருக்காக. முடித்து, கண்ணாடியைக் கழற்றினார். ஃபாதர் முடிவு ஜெபத்துக்குக் கையை விரித்தார்.

பாட்டுக்குழு பக்கமிருந்து ஜெசிந்தாவின் குரல் வந்தது. மைக் இல்லாமல்.

"கடலுக்குப் போய் இன்னும் கரைக்கு வராத ததேயுவுக்காக."

'கேட்டருளும்' என்றது கோயில். ஃபாதரின் விரித்த கை அப்படியே நின்றது.

அதற்கடுத்த ஞாயிறும் நடந்தது. அதற்கடுத்ததும். பிறகு ஒருநாள், ஜெசிந்தா முடித்ததும், ஆண்கள் பக்கத்தில் ஒரு லாரி டிரைவர் எழுந்தார். "சென்னைக்குப் போயிட்டு போன் எடுக்காத எம் பயலுக்காக" என்றார். சொன்ன வேகத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அதற்கும் பதில் கிடைத்தது. இன்னொரு நாள் ஒரு டீச்சர், யாரையும் அடையாளம் தெரியாமல் படுத்திருக்கும் தன் அப்பாவுக்காகச் சொன்னார். இருக்கிறவர்கள் வரிசையிலும் இறந்தவர்கள் வரிசையிலும் வைக்க முடியாத ஆட்கள் எங்கள் பங்கில் இத்தனை பேர் இருப்பது குழுவுக்கு அதுவரை தெரியாது. நாங்கள் அத்தனை வருஷம் மேஜை போட்டு, மக்ரூன் வைத்துத் திட்டமிட்டவர்கள்.

பாட்டும் பூசையும் முடிய நேரமாகிறது என்று சிலர் முணுமுணுத்தார்கள். நேரம் ஆகிறதுதான்.

கேள்வி

ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்துக்குத் திட்டமிட மறுபடியும் கூடினோம். ஊதா நிறத் துணி யார் தைப்பது, சிலுவைப்பாதைப் படங்கள் எங்கே வைப்பது என்று பேசி முடித்தோம். நான் ஒரு நாடகம் போடலாம் என்றேன். கழுதை வேண்டும் என்றேன். மூன்று பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள்.

ஃபாதர் தாள்களை அடுக்கினார். எழுந்திருக்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும்," என்றார். இந்தத் தடவை மின்விசிறியைப் பார்க்கவில்லை, ஜெசிந்தாவைப் பார்த்தார். "அந்த மன்றாட்டை எழுத்துலயே சேர்த்துரலாம். கத்திச் சொல்ல வேணாம், மைக்லயே வரட்டும். ஆனா எதுவரைக்கும்னு ஒண்ணு வேணும்ல? எதுலயும் ஒரு அளவு இருக்கணும். எப்ப நிறுத்துறது?"

சேவியர் மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். நான் ஒரு சமரசத்தைத் தேடி வாயைத் திறந்தேன்.

ஜெசிந்தா பாட்டுப் புத்தகங்களைப் பைக்குள் அடுக்கிக்கொண்டே சொன்னாள்:

"அவிய வந்ததும் நிறுத்திரலாம், சாமி."